லிப்ரெஆபிஸ் பேஸ் 'ஜாவா தேவை' என்று அடம்பிடிக்கிறதா?

லிப்ரெஆபிஸில் ரைட்டர், கால்க் மட்டும் போதும் என்பவர்களுக்கு, சில நிரல்கள் ஓடத் தேவைப்படும் ஜாவா என்ற மென்பொருளின் நினைப்பே வராது. லிப்ரெஆபிஸின் தரவுத்தளச் செயலியான பேஸில், ஜாவாவில் எழுதப்பட்ட எச்எஸ்கியூஎல்டிபி என்ற தரவுத்தளத்தின் பழைய கோப்பைத் திறக்கும்போதோ, ஜேடிபிசி (ஜாவா வழியாகத் தரவுத்தளத்துடன் இணையும் முறை) வழியாக மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்துடன் இணையும்போதோதான் பெரும்பாலும் சிக்கல்.

டூல்ஸ் மெனுவில் ஆப்ஷன்ஸ் போங்கள். லிப்ரெஆபிஸ் என்ற தலைப்பின் கீழே அட்வான்ஸ்ட் இருக்கும். அங்கே ஜாவாவைப் பயன்படுத்தச் சொல்லும் கட்டத்தில் டிக் போட்டால், கணினியில் உள்ள ஜாவா பதிப்புகள் பட்டியலாக வரும். ஒன்றைத் தேர்ந்தெடுத்து, லிப்ரெஆபிஸை மூடித் திறங்கள்.

பட்டியல் காலியாக இருக்கிறதா? பெரும்பாலும் பிட் பொருந்தாததுதான் காரணம். 64 பிட் லிப்ரெஆபிஸுக்கு 64 பிட் ஜாவாதான் வேண்டும். 32 பிட் ஜாவாவை அது கண்டுகொள்ளவே கொள்ளாது. நானும் இது தெரியாமல் ஒரு மாலை முழுக்க ஜாவாவை நீக்குவதும் மறுபடி நிறுவுவதுமாக மல்லுக்கட்டியிருக்கிறேன். மேக்கில் ஜேஆர்இ (ஜாவா நிரல்களை ஓட்ட மட்டும் உதவும் தொகுப்பு) மட்டும் போதாது, முழு ஜேடிகே (நிரல் எழுதுபவர்களுக்கான தொகுப்பு) வேண்டும். உபுண்டுவில் லிப்ரெஆபிஸ்-பேஸ் பொதியும் தனியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

மைஎஸ்கியூஎல்லுக்கு இன்னொரு படி உண்டு. அதே பக்கத்தில் கிளாஸ் பாத் பொத்தானை அழுத்தி, ஆட் ஆர்க்கைவ் மூலம் மைஎஸ்கியூஎல் கனெக்டரின் (ஜாவாவை மைஎஸ்கியூஎல்லுடன் இணைக்கும் டிரைவர்) ஜார் கோப்பைக் காட்டுங்கள். ஜிப்பாக இறக்கியிருந்தால் முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். மறுபடியும் மூடித் திறந்த பிறகு, இணைப்பு அமைக்கும் இடத்தில் டெஸ்ட் கிளாஸ் அழுத்தினால் டிரைவர் ஏறிவிட்டதா என்பது தெரிந்துவிடும்.