மனு முதல் மார்க் ஷீட் வரை: தாளில் நாம் செய்யும் தவறுகள்

மளிகைச் சீட்டு சாயங்காலம் வரை இருந்தால் போதும். வாடகை ஒப்பந்தம் 11 மாதம் இருக்க வேண்டும். மார்க் ஷீட் ஆயுசுக்கும் வேண்டும். எல்லாம் தாள்தான் என்று மூன்றையும் ஒரே மாதிரி நடத்தும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. கையில் எடுக்கும் ஒவ்வொரு தாளும் எத்தனை நாள் தாங்க வேண்டும் என்று ஒரு நிமிடம் யோசித்தாலே பாதித் தவறுகள் நடக்காது.

முதலில் மனு. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில், வரிசையில் நின்றபடியே பிள்ளையின் நோட்டிலிருந்து கிழித்த தாளில் எழுதிக்கொடுப்பவர்கள் நிறைய. அந்த மனு அதிகாரியின் மேசையோடு நிற்காது. ஒவ்வொரு பிரிவாகப் போகும், கோப்பில் சேரும். சேர்க்கும்போது இடது மேல் மூலையில் ஓட்டை போட்டு டேக் கட்டுவார்கள். 'அனுப்புநர்' என்று நாம் பெயரும் விலாசமும் எழுதுவது சரியாக அந்த இடத்தில்தான். ஓரம் விடாமல் எழுதியிருந்தால் ஓட்டை விழுவது உங்கள் பெயரிலோ கதவு எண்ணிலோதான். அதனால் இடப்பக்கம் ஒன்றரை அங்குலம், மேலே இரண்டு அங்குலம் விடுங்கள். மேலே விடும் இடம் வீண் இல்லை. வரவு முத்திரையும் அதிகாரியின் குறிப்பும் அங்கேதான் ஏறும். முடிந்தவரை ஒரே பக்கத்தில் எழுதி முடியுங்கள். பின்பக்கத்தில் எழுதியது ஜெராக்ஸ் எடுக்கும்போது விட்டுப்போகும். கொடுக்கும்போது இன்னொரு பிரதியிலும் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு விசாரிக்கப் போனால் கையில் இருக்கும் ஆதாரம் அதுதான்.

மனுவை ஜெல் பேனாவில் எழுதாதீர்கள். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் பல ஜெல் மைகளும் இங்க் பேனா மையும் ஒரு தூறல் பட்டாலே கரைந்து இழுத்துவிடும். பால் பாயிண்ட் பேனாவில் இருப்பது எண்ணெய் கலந்த மை, அவ்வளவு சுலபமாகக் கரையாது. கையெழுத்தை நீல மையில் போட்டால் அசல் எது, நகல் எது என்று பார்த்ததும் தெரியும்.

தாளின் கனத்தைப் பற்றி அதிகம் அலட்டிக்கொள்ள வேண்டியதில்லை. ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை கிராமில். 80 ஜிஎஸ்எம் ஏ4 தாள் ஒன்று 5 கிராம், 500 தாள் கொண்ட கட்டு இரண்டரை கிலோ. வீட்டு உபயோகத்துக்கும் மனுவுக்கும் 75 முதல் 80 வரை தாராளம். மெலிந்த நோட்டுத் தாளில் இங்க் பேனாவால் எழுதினால் பின்பக்கம் ஊறும், அவ்வளவுதான். கனமான தாள்தான் தரமான தாள் என்று நினைத்து 100 ஜிஎஸ்எம் வாங்குவது வீண் செலவு. கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் தமிழக அரசின் காகித நிறுவனமான டிஎன்பிஎல் கரும்புச் சக்கையிலிருந்து செய்யும் தாள் எழுதவும் அச்சடிக்கவும் நன்றாகவே உழைக்கிறது.

ஆனால் பில் விஷயத்தில் அசட்டையாக இருக்கக் கூடாது. ஃபிரிட்ஜ், மிக்ஸி வாங்கும் கடையில் மெஷினிலிருந்து வழவழவென்று வரும் சீட்டில் மையே கிடையாது. சூடு பட்டால் கறுக்கும் பூச்சு ஒன்று தாளின் மேல் இருக்கிறது, அதில்தான் எழுத்து விழுகிறது. வெயில், எண்ணெய்க் கை, பிளாஸ்டிக் கவர் எல்லாமே அந்த எழுத்தை அழிக்கும். இரண்டு வருஷ வாரண்டிக்காகப் பத்திரமாகக் கவரில் போட்டு வைத்த பில்லை எடுத்துப் பார்த்தால் வெறும் வெள்ளைத் தாளாக இருப்பது இதனால்தான். வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள். லேமினேஷன் செய்து காப்பாற்றலாம் என்று மட்டும் போகாதீர்கள், மெஷின் சூட்டில் சீட்டு முழுக்கக் கறுத்துவிடும்.

சான்றிதழுக்கும் லேமினேஷன் வேண்டாம். ஒருமுறை ஒட்டினால் தாளுக்குச் சேதமில்லாமல் பிரிப்பது கடினம். வெளிநாட்டு வேலைக்கோ படிப்புக்கோ போகும்போது அசல் சான்றிதழின் மேலேயே, சரிபார்த்ததற்கான முத்திரையும் ஸ்டிக்கரும் வர வேண்டியிருக்கும். லேமினேஷன் செய்திருந்தால் அதற்கு இடமே இருக்காது. மடிக்காமல் ஃபைலில் வையுங்கள். பிளாஸ்டிக் வாடை அடிக்கும் மலிவான கவர் வேண்டாம், அது நாளாக ஆக எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். கிழிந்த இடத்தில் செலோ டேப் போடுவதும் தப்பு. சில வருஷத்தில் பசை பழுத்து, தாளையும் பழுப்பாக்கிவிடும். குண்டூசியும் ஜெம் கிளிப்பும் நம் ஊர் ஈரக் காற்றில் துருப்பிடிக்கும். பத்திரத்தின் மூலைகளில் மஞ்சள் தடவும் வழக்கம் இருந்தால் தடவுங்கள், ஆனால் நன்றாகக் காய்ந்த பிறகே மடியுங்கள். தாளை அரிக்கும் ராமபாணப் பூச்சிக்குத் தாளில் உள்ள கஞ்சிப் பசை என்றால் கொள்ளைப் பிரியம், அதற்கு ஈரமும் இருட்டும் கிடைத்தால் கேட்கவே வேண்டாம். சுவரை ஒட்டிய அலமாரியின் அடித்தட்டில் ஃபைலை வைக்காதீர்கள்.

2015 டிசம்பரில் சென்னையை வெள்ளம் சூழ்ந்தபோது எத்தனையோ வீடுகளில் பத்திரமும் சான்றிதழும் நனைந்து போயின. மாற்று ஆவணம் கொடுக்க அரசு சிறப்பு முகாம்களே நடத்த வேண்டியிருந்தது. தாள் நனைந்துவிட்டால் பதறிப்போய் ஒவ்வொன்றாகப் பிய்க்காதீர்கள், ஈரத் தாள் கையோடு கிழிந்து வரும். வெயிலில் போட்டால் சுருண்டுகொள்ளும். கட்டோடு எடுத்து, ஃபேன் காற்றில் வைத்து, ஈரம் குறையக் குறையப் பிரியுங்கள். நடுவே எழுதாத வெள்ளைத் தாளைச் செருகி அவ்வப்போது மாற்றுங்கள். செய்தித்தாள் செருகினால் அதன் மை இதில் ஒட்டிக்கொள்ளும். உடனே காயவைக்க வழியில்லை என்றால் பாலிதீன் பையில் போட்டு ஃபிரீசரில் வையுங்கள். இரண்டு நாள் ஈரமாக இருந்தாலே பூஞ்சை பிடிக்கும், ஃபிரீசரில் அது நின்றுவிடும். வசதி கிடைத்த பிறகு நிதானமாகக் காயவைத்துக்கொள்ளலாம்.

எழுதி முடித்த தாள் கடைசியில் பழைய பேப்பர் கடைக்குப் போகிறது, அங்கிருந்து பஜ்ஜிக் கடைக்கும். சூடான வடையை அச்சடித்த தாளில் வைத்து எண்ணெயை ஒற்றி எடுப்பது பலருக்கும் பழக்கம். மை அந்தச் சூட்டிலும் எண்ணெயிலும் வடையில் இறங்கும். உணவுப் பொருளைச் செய்தித்தாளில் பொட்டலம் கட்டக் கூடாது என்று 2018-ஆம் ஆண்டு உணவுப் பொதிவு விதிமுறைகளே சொல்கின்றன. எழுதிய நோட்டுத் தாளிலும் மை இருக்கிறது, அதையும் தவிர்ப்பதுதான் நல்லது. வாழை இலையோ தட்டோ கேட்டு வாங்குங்கள். எடைக்குப் போடும் கட்டில் ஆதார் ஜெராக்ஸ், பாங்க் பாஸ்புக் நகல் இருக்கிறதா என்று ஒருமுறை புரட்டிப் பாருங்கள். இருந்தால் எண் உள்ள பகுதியைக் கிழித்து, தண்ணீரில் ஊறவைத்துக் கசக்கிக் குப்பையில் போட்டுவிட்டு, மிச்சத்தை மட்டும் எடைக்குக் கொடுங்கள்.