புது நர்ஸுக்கு வேலை பழக்குவது எப்படி?

வார்டில் இன்சார்ஜாக இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். புதிதாகச் சேர்ந்த பெண்ணை அருகில் நிறுத்தி, ஒரு மணி நேரம் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, கடைசியில் "புரிஞ்சுதா?" என்று கேட்கிறோம். அவளும் "புரிஞ்சுது சிஸ்டர்" என்பாள். சீனியரிடம் வேறென்ன சொல்ல முடியும்? அந்தப் பதிலை வைத்து அவளை நோயாளியிடம் அனுப்பக் கூடாது.

சிரிஞ்சிலிருந்து மருந்தைச் சிறிது சிறிதாக உடலுக்குள் செலுத்தும் கருவியான சிரிஞ்ச் பம்ப்பையே எடுத்துக்கொள்வோம். நோயாளிக்கு இணைக்காத பம்ப்பில் தொடங்குங்கள். ஒரே நேரத்தில் ஏறக்குறைய நான்கு விஷயங்களைத்தான் மனத்தில் பிடித்துவைக்க முடியும் என்று 2001-இல் உளவியலாளர் நெல்சன் கோவன் எழுதினார். அதனால் முதல் தடவை சிரிஞ்சைப் பொருத்துவது, மருந்து போகும் குழாயில் (லைனில்) இருக்கும் காற்றை வெளியேற்றுவது, மருந்து போகும் வேகத்தை (ரேட்) போடுவது, இவ்வளவு போதும். மற்றவை பிறகு.

காட்டி முடித்ததும் பம்ப்பை அணைத்துவிட்டு, "இப்போ நீ எனக்குச் சொல்லிக்கொடு" என்று கேளுங்கள். அவள் திணறுவாள். உடனே எடுத்துக்கொடுக்க நம் நாக்கு துறுதுறுக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தத் திணறலில்தான் பாடம் மனத்தில் பதிகிறது. 2006-இல் உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு பகுதியை மறுபடி படித்தவர்கள் ஒரு பக்கம், பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியவர்கள் இன்னொரு பக்கம். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி படித்தவர்களே முந்தினார்கள்: அவர்களுக்கு 81 சதவீதம் நினைவிருந்தது, எழுதியவர்களுக்கு 75. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ். படித்தவர்கள் 42, எழுதியவர்கள் 56. நமக்கு வேண்டியது அந்த ஒரு வாரத்துக்குப் பிறகான நினைவு.

அதே கேள்வியை மறுநாள் கேளுங்கள், சில நாள் விட்டு, அடுத்த வாரமும் கேளுங்கள். இடைவெளி விட்டுப் படிப்பதே நிற்கும் என்பது 1885-இல் உளவியலாளர் எபிங்ஹாஸ் தன்மேலேயே நடத்திய சோதனைகளிலிருந்து தெரிந்த சங்கதி. இதற்கென்று தனி வகுப்பு வேண்டாம். மருந்து எடுக்கப் போகும் வழியில் கேட்டாலே போதும்.

அவசரத்துக்கு வேறு முறை உண்டு. "அலாரம் அடித்தால் முதலில் நோயாளியைப் பார்ப்பேன், பிறகு பம்ப்பை" என்று அவள் வாயாலேயே சொல்ல வையுங்கள். "இது நடந்தால் இதைச் செய்வேன்" என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டுவைத்தவர்கள் சொன்னபடி செய்துமுடிக்கும் வாய்ப்பு கூடுகிறது என்பது பீட்டர் கோல்விட்சரின் ஆய்வு.

திருத்தும்போது எனக்கு விட்டுக்கொடுக்க முடியாத கண்டிப்பு ஒன்று உண்டு: ஆளைப் பற்றிப் பேசாதீர்கள். "உனக்குக் கவனமே இல்லை" என்றால் அவள் மனம் அவமானத்தில் சிக்கிவிடும், பம்ப் மறந்துபோகும். "ரேட் போட்டதும் கேஸ் ஷீட்டோடு ஒப்பிடவில்லை, இப்போ ஒப்பிடு" என்றால் கை வேலைக்குத் திரும்பும். 1996-இல் க்ளூகரும் டெனீசியும் பின்னூட்டம் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்தபோது, மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான இடங்களில் அது வேலையைக் கெடுத்திருந்தது. கவனம் வேலையை விட்டு ஆள்மேல் திரும்பும்போது பலன் குறைகிறது என்றார்கள். "நீ கெட்டிக்காரி" என்பதிலும் இந்த ஆபத்து இருக்கிறது. எதைச் சரியாகச் செய்தாள் என்று குறிப்பிட்டுப் பாராட்டுங்கள்.

மருந்தில் தவறு நடந்துவிட்டது என்று அவள் வந்து நின்றால், நீங்கள் சொல்லும் முதல் வாக்கியம் முக்கியம். "சொன்னது நல்லது. நோயாளி எப்படி இருக்கார்?" அவ்வளவே. விசாரணை பிறகு. ஏமி எட்மண்ட்சன் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தபோது, நல்ல தலைமை இருந்த குழுக்களில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன. அங்கே பயமின்றிச் சொன்னார்கள் என்பதே அவர் கண்ட விளக்கம். தவறே பதிவாகாத வார்டைப் பார்த்தால் எனக்குக் கவலைதான் வரும்.

ஷிப்ட் மாறும்போது நோயாளிகளைப் பற்றிச் சொல்லி ஒப்படைக்கும் ஹேண்டோவரில் நீங்கள் கடைசியாகப் பேசுங்கள். 1950-களில் உளவியலாளர் சாலமன் ஆஷ் கோடுகளின் நீளத்தைக் கேட்ட சோதனையில், கூட இருந்தவர்கள் தவறான விடையைச் சொன்னதும், கண்ணெதிரே தெரிந்த விடையையும் விட்டுவிட்டுப் பலர் கூட்டத்தோடு போனார்கள். உண்மையைச் சொல்லும் துணை ஒருவர் கிடைத்ததும் அந்த இணங்கல் பெருமளவு குறைந்தது. இன்சார்ஜ் முதலில் கருத்துச் சொன்னால் புதியவள் வாய் திறக்க மாட்டாள். அவளிடமிருந்தே தொடங்குங்கள்: "இந்த நோயாளியிடம் உனக்கு எது சரியாகப் படவில்லை?" கேட்டுவிட்டு, அவள் பேசி முடிக்கும்வரை காத்திருங்கள்.