நீண்ட நாள் பின்னல் வேலையைத் திட்டமிட்டு முடிப்பது எப்படி?

ஊசிப் பின்னலில் நேர்பின்னலும் (knit) எதிர்ப்பின்னலும் (purl) ஓரளவு கைவந்ததும், அடுத்ததாக ஒரு போர்வையோ ஸ்வெட்டரோ பின்ன வேண்டும் என்ற ஆசை பலருக்கும் வருகிறது. அந்தப் போர்வையில் மொத்தம் எத்தனை கண்ணிகள் (பின்னலின் ஒவ்வொரு நூல் வளையமும் ஒரு கண்ணி) இருக்கும், தம் கை ஒரு மணி நேரத்தில் எத்தனை கண்ணிகளைப் பின்னும் என்ற இரண்டும் தெரியாமலே ‘மூன்று மாதத்தில் முடித்துவிடலாம்’ என்று நாள் குறிப்பவர்களின் பைகளில்தான் அரைகுறை வேலைகள் சேர்கின்றன. இந்த இரண்டு எண்களையும் கண்டறிந்து, அவற்றைக் கொண்டு இலக்கு வைப்பதற்கான வழியை இங்கே படிப்படியாகப் பார்க்கலாம்.

முதல் படி: மாதிரித் துண்டு

பின்னப்போகும் அதே நூலிலும் அதே ஊசியிலும் 30 கண்ணிகளை ஏற்றி, எல்லா வரிசைகளையும் நேர்பின்னலாகவே பின்னி, ஏறத்தாழ 15 செ.மீ. சதுரமாக ஒரு துண்டைச் செய்துகொள்ளுங்கள். பலர் இதை வீண் வேலை என்று தாண்டிச் செல்கிறார்கள். என் கருத்தில் இந்தப் படியைத் தவிர்த்தால் மற்ற படிகள் எதற்கும் அடிப்படையே இல்லை. துண்டை அலசி உலர்த்திய பிறகே அளக்க வேண்டும், ஏனெனில் நனைந்து காய்ந்ததும் சில நூல்கள் தளர்ந்து நீளும், சில சுருங்கும். ஓரக் கண்ணிகள் இழுபட்டிருக்கக்கூடும் என்பதால், நடுவில் 10 செ.மீ. மட்டும் அளவுகோல் வைத்து அதற்குள் எத்தனை கண்ணிகள், எத்தனை வரிசைகள் என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள்.

இதில் சிறு வேறுபாடும் பெரிதாகிவிடும். 10 செ.மீ.க்கு 22 கண்ணிகள் என்ற கணக்கில் 220 கண்ணிகள் ஏற்றிய ஸ்வெட்டரின் சுற்றளவு 100 செ.மீ.; உங்கள் கை சற்று இறுக்கமாகி 24 கண்ணிகள் விழுந்தால், அதே ஸ்வெட்டர் ஏறத்தாழ 92 செ.மீ.தான் இருக்கும், அணிபவருக்குப் பிடித்துக்கொள்ளும்.

அந்த மாதிரித் துண்டைப் பின்னும்போதே வேறு இரண்டு தகவல்களையும் எடுத்துவிடலாம். முதல் சில வரிசைகளை விட்டுவிட்டு, அடுத்த 20 வரிசைகளுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரத்தைப் பாருங்கள். 30 கண்ணிகள் கொண்ட 20 வரிசைகள் என்றால் 600 கண்ணிகள். அதற்கு 45 நிமிடம் ஆனால் உங்கள் வேகம் மணிக்கு 800 கண்ணிகள். முடித்த துண்டை ஒரு சிறிய தராசில் நிறுத்து, அதன் எடையையும் எழுதி வையுங்கள்.

இரண்டாம் படி: வேலையின் உண்மையான அளவு

10 செ.மீ.க்கு 20 கண்ணிகள், 40 வரிசைகள் என்று உங்கள் மாதிரித் துண்டு காட்டுவதாக வைத்துக்கொள்வோம். 20 செ.மீ. அகலமும் 150 செ.மீ. நீளமும் கொண்ட ஒரு மஃப்ளருக்கு 40 கண்ணிகள், 600 வரிசைகள், ஆக 24,000 கண்ணிகள் தேவை. மணிக்கு 800 என்றால் இது 30 மணி நேர வேலை.

இதே கையில் 120 செ.மீ. அகலமும் 150 செ.மீ. நீளமும் கொண்ட போர்வையை 15 செ.மீ. சதுரங்களாகப் பின்னினால் 80 சதுரங்கள் வரும். ஒவ்வொன்றிலும் 1,800 கண்ணிகள், அதாவது இரண்டேகால் மணி நேரம். மொத்தம் 180 மணி நேரம். சதுரத்துக்கு இரண்டு நூல் முனைகள் வீதம் 160 முனைகளை உள்ளே செருகுவதும், சதுரங்களை ஒன்றோடொன்று இணைப்பதும் இந்தக் கணக்கில் சேரவே இல்லை. முனைகளை அவ்வப்போது செருகிவிடுவது நல்லது. கடைசிக்கு வைத்தால் அதுவே தனியொரு திட்டமாகிவிடும்.

முக்கோணச் சால்வை பின்னுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. முனையில் சில கண்ணிகளோடு தொடங்கி அகன்றுகொண்டே போகும் சால்வையில், பாதி வரிசைகளை முடித்திருந்தாலும் உண்மையில் கால் பங்கு வேலைதான் முடிந்திருக்கும். நூறு வரிசைகளில் ஏறக்குறைய எழுபதாவது வரிசையில்தான் பாதி வேலை முடிகிறது. ஆகவே அங்கே வரிசைகளை வைத்து இலக்கு வைக்காமல், கண்ணிகளை வைத்தோ நூலின் எடையை வைத்தோ வைக்க வேண்டும்.

மூன்றாம் படி: வாரத்துக்கான இலக்கு

நாள்தோறும் பின்னுவேன் என்று திட்டமிடுவதை நான் பரிந்துரைப்பதில்லை. ஒரு நாள் தவறினால் கணக்கு முழுவதும் குலைந்ததுபோல் தோன்றும். வாரத்தில் ஐந்து நாட்கள், நாளுக்கு அரை மணி நேரம் என்று வைத்தால் வாரத்துக்கு இரண்டரை மணி நேரம் கிடைக்கிறது. மேற்சொன்ன மஃப்ளர் 12 வாரங்களில் முடியும்; 80 சதுரப் போர்வைக்கோ 72 வாரங்கள், அதாவது ஓராண்டுக்கும் மேல் ஆகும். இந்த எண்ணைப் பார்த்துத் தயங்கினால் போர்வையைக் கைவிட வேண்டியதில்லை, 75 செ.மீ.க்கு 90 செ.மீ. அளவில் குழந்தைப் போர்வையாகச் சுருக்கினால் 30 சதுரங்கள், 27 வாரங்கள்.

இலக்கை எப்போதும் எண்ணக்கூடிய ஒன்றாக எழுதுங்கள். ‘இந்த வாரம் நிறையப் பின்ன வேண்டும்’ என்பதைவிட ‘இந்த வாரம் ஒரு சதுரம்’ என்பது எளிது, முடிந்ததா இல்லையா என்பதும் ஐயமின்றித் தெரியும். காலுறை போன்ற இணைப் பொருட்களில், முதலாவதை முடித்த அன்றே இரண்டாவதற்குக் கண்ணிகளை ஏற்றிவிடுங்கள். ஒற்றைக் காலுறையோடு நின்றுபோகும் வழக்கத்துக்கு இதைவிட எளிய மருந்து இல்லை.

நான்காம் படி: நூல் வாங்குதல்

ஒரு சதுரம் 12 கிராம் என்றால் 80 சதுரங்களுக்கு 960 கிராம். இணைப்புக்கும் எதிர்பாராத பிழைகளுக்கும் பத்து விழுக்காடு கூட்டினால் 1,056 கிராம், அதாவது 50 கிராம் உருண்டைகள் 22. இவை அனைத்தையும் ஒரே தடவையில், சாயத் தொகுதி எண் (ஒரே தடவையில் சாயமேற்றிய நூலைக் குறிக்கும் எண்) ஒன்றாக உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் தொகுதி மாறினால் நிறம் சற்று மாறும். அது விளக்கொளியில் தெரியாமல், பின்னி முடித்தபின் பகலில் பட்டையாகத் தெரியும். வேறு தொகுதியே கிடைக்கிறதென்றால், இரண்டு வரிசைக்கு ஒருமுறை பழைய உருண்டையையும் புதிய உருண்டையையும் மாற்றி மாற்றிப் பின்னினால் வேறுபாடு கலந்து மறையும்.

ஐந்தாம் படி: வேலை நடக்கும்போது

ஒரு சிறு நோட்டில் நூலின் விவரம், ஊசியின் அளவு, எட்டிய வரிசை ஆகியவற்றை எழுதி, வேலையோடு அதே பையில் வைத்திருங்கள். வரிசையின் நடுவில் நிறுத்த வேண்டாம். திரும்ப எடுக்கும்போது எந்தத் திசையில் போனோம் என்ற குழப்பம் வரும். வேலைப்பாடு மிகுந்த பின்னலாக இருந்தால், வடிவம் ஒருமுறை முழுதாக முடியும் வரிசைதோறும், வேறு நிறத்தில் மெல்லிய வழவழப்பான நூலை மழுங்கிய ஊசியால் எல்லாக் கண்ணிகளின் வழியாகவும் கோத்துவிடுங்கள். பிற்பாடு பிழை கண்டு பிரிக்க நேர்ந்தால், பின்னல் அந்த நூலில் வந்து நின்றுவிடும், தொடக்கம்வரை போகாது.

மணிக்கட்டோ கட்டைவிரலோ வலித்தால் அன்றைய இலக்கு முடியாவிட்டாலும் நிறுத்திவிட வேண்டும்.

நின்றுபோன வேலை

பல வாரங்கள் தொட முடியாது என்று தெரிந்தால், கண்ணிகளை ஊசியிலேயே விடாமல் ஒரு பழைய நூலுக்கு மாற்றி வையுங்கள். ஊசி இருந்த வரிசை நீண்டு தழும்புபோல் நின்றுவிடக்கூடும். திரும்ப எடுக்கும் நாளில், முதலில் வேறு நூலில் சில வரிசைகள் பின்னிக் கை இறுக்கம் பழையபடி இருக்கிறதா என்று பாருங்கள்.

தொடர விருப்பமே இல்லையென்றால் பிரித்துவிடுவதில் இழப்பு ஒன்றுமில்லை. பிரிக்கும் நூலை நாற்காலியின் முதுகில் சுற்றி, நான்கு இடங்களில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துப் பிழிந்து தொங்கவிட்டால் சுருள்கள் நேராகும். கம்பளி நூலைக் கொதிநீரில் போட்டு அலசினால் அது இறுகித் தடித்துப்போகும். காய்ந்தபின் உருண்டையாகச் சுற்றி, எடையையும் தொகுதி எண்ணையும் எழுதிக் கட்டிவைத்தால், அடுத்த வேலைக்கான கணக்கில் அதையும் சேர்த்துக்கொள்ளலாம்.