பழங்களுக்குத் தாவரப் பூச்சு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பறித்த பிறகும் பழம் உயிருள்ள பொருளே. அது ஆக்சிஜனை உள்ளிழுத்து, கார்பன் டை ஆக்சைடையும் நீராவியையும் வெளிவிட்டு, சேர்த்து வைத்த சர்க்கரையைச் செலவழித்துக்கொண்டே இருக்கிறது. மாவுப்பொருள், பழத்தோலிலிருந்து எடுக்கப்படும் பெக்டின், கடற்பாசியிலிருந்து கிடைக்கும் ஆல்ஜினேட், அகேசியா கோந்து முதலியவற்றால் இடப்படும் உண்ணத்தக்க பூச்சு அந்த மூச்சை மெதுவாக்குகிறது. மெதுவாக்கப் போய் மூச்சையே அடைத்துவிடுவதுதான் இதில் நேரும் மிகப் பெரிய தவறு.

பூச்சு தடிமனாக இருந்தால் பழம் கூடுதல் நாள் தாங்கும் என்று எண்ணிக் கரைசலைக் கூழ்போலக் காய்ச்சுவோர் உண்டு. ஆக்சிஜன் போதாத நிலையில் பழத்தின் உள்ளே நொதித்தல் தொடங்கி, எத்தனாலும் அசிட்டால்டிஹைடும் சேர்கின்றன. அத்தகைய பழம் வெளியே மினுமினுப்பாகவே இருக்கும். நறுக்கிய உடனே புளித்த சாராய வாடை மூக்கில் ஏறும். கரைசல் பழத்தின் மேல் சீராகப் படர்ந்து, மிகுதி தானாக வடிந்துவிடும் பதத்தில் இருப்பதே நல்லது.

எந்தப் பொருள் எதைத் தடுக்கும் என்று பாராமல் தேர்ந்தெடுப்பது அடுத்த தவறு. மாவுப்பொருளும் பெக்டினும் வாயுக்களை நன்கு தடுக்கின்றன. ஆனால் நீரை விரும்பும் இயல்புடையவை என்பதால் ஈரம் வெளியேறுவதை அவ்வளவாகத் தடுப்பதில்லை. பழம் சுருங்குவதுதான் சிக்கல் என்றால் கார்னோபா போன்ற தாவர மெழுகை, மெழுகும் நீரும் பிரியாமல் கலக்க உதவும் உரிய பால்மமாக்கியுடன் சேர்க்க வேண்டும். மாவைச் சூடாக்கிக் கூழாக்காமல் குளிர்ந்த நீரில் கலக்கினால் படலம் உருவாகாது. படலத்துக்கு நெகிழ்வு தரும் கிளிசரால் போன்ற இளக்கி இல்லாவிட்டால் உலர்ந்த படலம் வெடிக்கும். அதுவே மிகுந்தால் பிசுபிசுக்கும்.

சோற்றுக் கற்றாழையைப் பயன்படுத்துவோர் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். மடலை வெட்டியதும் தோலுக்கடியிலிருந்து மஞ்சள் பால் கசியும். கசப்பானதும் பேதியை உண்டாக்குவதுமான அந்தப் பால் முழுவதும் வடியும்படி மடலைச் செங்குத்தாக நிறுத்தி வைத்துக் கழுவிய பிறகே உள்ளிருக்கும் கூழை எடுக்க வேண்டும்.

அடிபட்ட பழத்தையும் காம்பருகே பூஞ்சை தொற்றிய பழத்தையும் பூச்சு காப்பாற்றாது; அழுகல் படலத்துக்கு அடியில் தொடரும். கழுவிய ஈரத்தோடு முக்கினால் கரைசல் நீர்த்துப்போய்த் திட்டுத்திட்டாக ஒட்டும். முக்கி எடுத்ததைக் காற்றோட்டத்தில் உலர்த்தாமல் அடுக்கினால் பழங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது படலம் கிழியும். முற்றாத காயைப் பறித்துப் பூசினால் அது வெம்பிப்போகுமே தவிர நன்றாகப் பழுக்காது.

பூச்சு இருக்கிறதே என்று குளிரூட்டலைக் கைவிடுவதும் கூடாது. வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் உயர்ந்தாலே சுவாச வேகம் ஏறத்தாழ இரண்டு முதல் மூன்று மடங்காகிறது. அந்த வேகத்தை மெல்லிய படலத்தால் மட்டும் ஈடுகட்ட முடியாது. மேலும், பூச்சுக்குப் பயன்படும் பொருள்களில் கைட்டோசான் பெரும்பாலும் இறால், நண்டு ஓடுகளிலிருந்தும், ஷெல்லாக் அரக்குப் பூச்சியிலிருந்தும் வருபவை. அவற்றைச் சேர்த்துவிட்டுத் தாவரப் பூச்சு என்று கூறுவது உண்பவருக்கு இழைக்கும் அநீதி என்றே கருதுகிறேன்.

பளபளப்பை மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். ஒரே நாளில் பறித்த சில பழங்களைப் பூசாமல் தனியே வைத்து, இரு வகையையும் நாள்தோறும் எடை போட்டு, இடையிடையே ஒன்றை நறுக்கி முகர்ந்து சுவைத்துப் பார்த்த பின்னரே மொத்த விளைச்சலுக்கும் பூச வேண்டும்.