அரிய பிரிட்டிஷ் குடும்பப் பெயரின் வேரைத் தேடுவது எப்படி?

ஸ்மித், ஜோன்ஸ் போன்ற பெயர்களோடு தொடங்கினால் பாதியிலேயே சலித்துவிடும். பழகுவதற்கு அரிய பெயரே நல்லது. நாம் இயற்கை ஆவணப்படங்களின் டேவிட், ‘காந்தி’ படத்தை இயக்கிய ரிச்சர்ட் சகோதரர்களால் உலகறிந்த ‘அட்டன்பரோ’வை எடுத்துக்கொள்வோம்.

படி 1: முதலில் வரைபடம்

பெயர் அகராதியை இப்போதைக்கு மூடி வையுங்கள். 1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் பெயர்ப் பட்டியல் ஃபேமிலிசர்ச் என்ற குடும்ப வரலாற்று இணையதளத்தில் இலவசம். பெயரைத் தேடி, எந்த மாவட்டத்தில் கொத்தாக வருகிறது என்று குறியுங்கள். எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதியவர்கள். அதனால் எழுத்து வேறுபாடுகளையும் விடாதீர்கள்.

படி 2: பின்னோக்கிப் போங்கள்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறப்பு, திருமண, இறப்புகளின் அரசுப் பதிவு 1837 ஜூலையில் தொடங்கியது, ஸ்காட்லாந்தில் 1855. அதற்கு முன் தேவாலயப் பதிவேடுகள்தான். இங்கிலாந்தில் அவை 1538இல் தொடங்கின, ஆனால் எல்லா ஊரிலும் தப்பிப் பிழைக்கவில்லை.

இங்கேதான் புதியவர்கள் தடுக்கி விழுவார்கள். 1841 கணக்கெடுப்பில் பெரியவர்களின் வயதைப் பெரும்பாலும் ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதினார்கள். 34 வயதுக்காரர் 30 ஆகிவிடுவார். 1752க்கு முன் இங்கிலாந்தில் ஆண்டு பிறந்தது மார்ச் 25இல். ஆகவே ஏட்டில் ‘1700 பிப்ரவரி’ என்றிருந்தால் நம் கணக்கில் அது 1701. இதைக் கவனிக்காவிட்டால் பெற்றோரின் திருமணத்துக்கு முன்பே பிள்ளை பிறந்ததாகத் தோன்றும்!

படி 3: இப்போது அகராதி

இடைக்கால ஆங்கிலத்தில் ‘அட்டன்’ என்றால் ‘அந்த இடத்தில்’; ‘பரோ’ அரண் சூழ்ந்த இடம். அட்லி என்ற ஆங்கிலக் குடும்பப் பெயரும் இதே வார்ப்புதான். நாட்டிங்ஹாம்ஷரில் அட்டன்பரோ என்றே ஒரு கிராமம் இருக்கிறது. உடனே அதுதான் பூர்விகம் என்று முடிவுகட்டாதீர்கள். படி 1இன் வரைபடம் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

படி 4: மரபணு

தந்தையிடமிருந்து மகனுக்குப் பெயரோடு ஒய் குரோமோசோமும் போகிறது. லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் டூரி கிங்கும் மார்க் ஜோப்லிங்கும் 40 குடும்பப் பெயர்களை ஆராய்ந்து 2009இல் வெளியிட்டார்கள். அட்டன்பரோ ஆண்களில் பத்துக்கு ஒன்பது பேர் அளவுக்கு ஒரே வகை ஒய் குரோமோசோம். ஸ்மித்களிடம் அப்படி ஒற்றுமையே இல்லை. ஒரே மூதாதையிடமிருந்து இந்த அட்டன்பரோக்கள் எல்லோரும் வந்திருக்கலாம். பலர் தொடங்கி, மற்றக் கிளைகள் ஆண் வாரிசின்றி அற்றுப்போயிருக்கவும் கூடும்.

‘உங்கள் குடும்பப் பெயரின் சின்னம்’ என்று கேடயப் படம் விற்கும் கடைகளுக்குக் காசு கொடுக்காதீர்கள். இங்கிலாந்துச் சட்டப்படி சின்னம் தனி மனிதருக்கும் அவர் வழித்தோன்றல்களுக்கும் உரியது; பெயருக்கு அல்ல.