பருந்தின் குடற்புழுவை ஃபார்மலினில் போடாதீர்கள்

சென்ற வாரம் மாணவர்கள் இருவர் என் மேசையில் ஒரு சிறு புட்டியை வைத்தார்கள். பருந்தின் குடலிலிருந்து எடுத்த எட்டுப் புழுக்கள் சுருண்டு, தலையை உள்ளே இழுத்துக்கொண்டு, ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் கிடந்தன. இருபது ஆண்டுகளுக்கு முன் நான் செய்த அதே தவறு. கையுறை அணிவதும் சீட்டில் தேதி எழுதுவதும் எல்லாருக்கும் தெரியும், அவற்றை விட்டுவிட்டு, அடிக்கடி நடக்கும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

உயிருள்ள முள்தலைப் புழுவை ஃபார்மலினில் இடுவது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. முள்தலைப் புழுவுக்கு வாயும் இல்லை, குடலும் இல்லை. உடற்சுவர் வழியாகவே உணவை உறிஞ்சுகிறது. அதன் இனத்தை அறிய நாம் பெரிதும் நம்புவது அதன் துதிக்கையை, அதாவது தலைமுனையில் கொக்கிகளோடு நீண்டு குடற்சுவரைப் பற்றும் உறுப்பைத்தான். அதில் கொக்கிகள் எத்தனை நெடுவரிசைகளில் உள்ளன, வரிசைக்கு எத்தனை என்று எண்ண வேண்டும். பருந்திலும் ஆந்தையிலும் காணப்படும் சென்ட்ரோரிங்கஸ் பேரினத்தில் இந்தக் கணக்கு இல்லாமல் ஓர் அடிகூட நகர முடியாது. ஃபார்மலின் பட்டதும், கழற்றும் காலுறை உட்புறம் திரும்புவதுபோல் துதிக்கை உள்ளே போய்விடும். புழு விறைத்தபின் அது வெளியே வராது.

சிங்கப்பூரின் புக்கிட் தீமா அருகே கண்ணாடியில் மோதி இறந்த குடுமிப் பருந்து ஒன்று ஒருமுறை என்னிடம் வந்தது. சிறுகுடலில் பதினொரு புழுக்கள், அத்தனையும் உயிரோடு. அவசரத்தில் எல்லாவற்றையும் ஃபார்மலினில் போட்டேன். மறுநாள் நுண்ணோக்கியில் ஒரு கொக்கியைக்கூட ஒழுங்காக எண்ண முடியவில்லை. மரபணு ஆய்வுக்கு அனுப்பலாம் என்றால், ஃபார்மலின் டிஎன்ஏவையும் சிதைத்திருந்தது. அந்தப் பறவையின் குறிப்பேட்டில் இனப்பெயர் இருக்க வேண்டிய இடம் இன்றும் காலியாகவே இருக்கிறது.

செய்ய வேண்டியது எளிது. துதிக்கை குடற்சுவரில் புதைந்திருந்தால் இழுக்காதீர்கள், அறுந்துவிடும். சுற்றியுள்ள திசுவோடு வெட்டியெடுங்கள். பிறகு ஒரு கிண்ணம் குளிர்ந்த குழாய்த் தண்ணீரில் இட்டு, குளிர்பதனப் பெட்டியில் ஓர் இரவு விடுங்கள். தண்ணீரை உறிஞ்சி உடல் உப்பும், துதிக்கை தானாக வெளியே நீளும். அதன்பின் 70 விழுக்காடு எத்தனால். ஒன்றிரண்டு புழுக்களை மட்டும் டிஎன்ஏவுக்காக 95 விழுக்காட்டில் தனியே வையுங்கள்.

உருளைப்புழுவுக்கு முறை வேறு. வெந்நீரில் வைத்துச் சூடாக்கிய எத்தனாலில் இட்டால் அது நேராக நீளும். எத்தனாலை நெருப்பின்மேல் நேரடியாகக் காட்டவே கூடாது.

இரையின் புழுவைப் பறவையின் தலையில் கட்டுவது

கடற்கழுகின் இரைப்பையில் இளம்புழுக்களைக் கண்டால், அது கடைசியாகத் தின்ற மீனை முதலில் நினையுங்கள். எலியின் கல்லீரலில் வாழும் கேப்பிலாரியா வகைப் புழுவின் முட்டைகள், அந்த எலியைத் தின்ற பறவையின் எச்சத்தில் அப்படியே வெளியேறும். முட்டையின் இருமுனைகளிலும் மூடியைக் கண்டதும் பருந்துக்கு நோய் என்று எழுதிவிடுகிறார்கள். புழு குடற்சுவரைப் பற்றியிருக்கிறதா, பாதி செரித்த உணவோடு கலந்து கிடக்கிறதா, முதிர்ந்ததா என்று பார்த்தபிறகு எழுதுங்கள்.

உறுப்பைக் குறிக்காமல் விடுவது

வல்லூறின் காற்றுப்பையில் கிடைத்தது என்ற ஒரு வரியே செராட்டோஸ்பிகுலம் என்ற உருளைப்புழுப் பேரினத்தின் பக்கம் நம்மைத் திருப்பும்.

நாடாப்புழுவின் தலையை விட்டுவிடுவது

கழுத்தோடு அறுந்ததை வைத்து இனப்பெயர் சொல்லாதீர்கள்.

பறவையை உடனே ஃபிரீசரில் வைப்பது

சிங்கப்பூர் வெயிலில் உடல் சில மணி நேரத்திலேயே கெடும் என்ற பயம் நியாயமானது. ஆனாலும் அன்றே அறுக்க முடியுமானால் குளிர்பதனப் பெட்டி போதும். உறைந்து செத்த புழு, எவ்வளவு நேரம் தண்ணீரில் ஊறினாலும் தானாகத் துதிக்கையை நீட்டாது.