அப்பா இன்னும் கார் ஓட்டலாமா? வீட்டில் நாம் போடும் தப்புக் கணக்குகள்

எழுபதைத் தாண்டியவர் இன்னும் ஸ்டீயரிங் பிடிக்கலாமா என்ற பேச்சு, தஞ்சாவூர்ப் பக்கத்து வீடுகளில் பெரும்பாலும் பொங்கல் விடுமுறையில்தான் கிளம்பும். வெளியூரிலிருந்து வந்த மகன் அப்பாவின் காரில் ஒரு தடவை போய்விட்டு, "இனிமே நீங்க வண்டிய எடுக்காதீங்கப்பா" என்பான். அவர் உடனே, "நாப்பது வருஷமா ஓட்டுறேன், ஒரு கீறல் விழுந்ததில்லை" என்பார். மகன் வயதைப் பார்க்கிறான், அப்பா பழைய கணக்கைக் காட்டுகிறார். இப்போது அவர் எப்படி ஓட்டுகிறார் என்பதை இருவருமே பார்ப்பதில்லை. மற்ற தவறுகள் எல்லாம் இங்கிருந்துதான் வருகின்றன.

லைசென்ஸைக் காட்டிச் சமாதானம் சொல்வதும் உண்டு. இந்தியாவில் சொந்த வண்டி ஓட்ட உச்ச வயது வரம்பு கிடையாது. 55 வயதைக் கடந்தவருக்கு 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பார்கள், படிவம் 1ஏ-வில் டாக்டர் சான்று கேட்பார்கள். அந்தச் சான்று பல இடங்களில் கையெழுத்துச் சடங்காகிவிட்டது என்பது ஊரறிந்த விஷயம். அப்படியே ஒழுங்காகப் பார்த்துக் கொடுத்திருந்தாலும், அன்றைய நிலைமையைத்தான் அது சொல்லும். அடுத்த 5 ஆண்டில் கண்ணுக்கும் மூட்டுக்கும் என்ன நடக்கும் என்று எந்த டாக்டராலும் முன்கூட்டி எழுதித் தர முடியாது.

லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கும்போது நிரப்பும் உறுதிமொழிப் படிவத்தில் ஒரு கேள்வி இருக்கும்: நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்திலிருந்து கார் நம்பர் பிளேட் தெரிகிறதா? இதை வீட்டு வாசலிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஆனால் இதில் தேறிவிட்டால் கண் சரியாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கண்புரை உள்ளவருக்குப் பகலில் ஓரளவு தெரியும். இரவில் எதிர் வண்டியின் லைட் பட்டால் எல்லாம் வெள்ளையாகிவிடும். கண் அழுத்த நோயில் பக்கவாட்டுப் பார்வை மெல்லக் குறையும், அவருக்கே தெரியாது. நேரே இருக்கும் நம்பர் பிளேட்டைக் கடகடவென்று படிப்பார், சந்திலிருந்து வரும் சைக்கிளைப் பார்க்க மாட்டார். சர்க்கரை உள்ளவர்களுக்கு விழித்திரையை ஆண்டுக்கு ஒருமுறையாவது பரிசோதிக்க வேண்டும்.

ஆனால் நம் பக்கத்தில் எல்லாரும் நம்பி ஏமாறுவது வேறொரு வார்த்தையில்: "உள்ளூர்லதானே ஓட்டுறாரு." மெயின் ரோட்டுக்குப் போகாமல் ஊருக்குள் மட்டும் ஓட்டினால் ஆபத்தில்லை என்று ஒரு நினைப்பு. டெல்டாவில் நிலைமை பெரும்பாலும் தலைகீழ். நாலுவழிச் சாலையில் எதிரே வண்டி வராது, நடுவே தடுப்பு இருக்கும். ஊர்ச் சாலையோ வாய்க்கால் கரையிலேயே வளைந்து வளைந்து போகும். ஒரு பக்கம் தண்ணீர், இன்னொரு பக்கம் வயல் பள்ளம், பல இடங்களில் தடுப்புச் சுவரே இருக்காது. எதிரே பஸ் வந்தால் ஒரு சக்கரத்தை மண்ணில் இறக்கித்தான் ஒதுங்க முடியும். அந்த அளவைக் கண் சரியாகக் கணிக்க வேண்டும்.

தை, மாசியில் இன்னும் மோசம். நெல்லில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால், அரசு தளர்வு தராதவரை கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள். அதனால் களத்தில் இடமில்லாதவர்கள் நெல்லைக் காயவைக்கப் பாதிச் சாலையில் பரப்பி, ஓரத்தில் கல்லை அடுக்கி வைப்பார்கள். இருட்டியதும் அதைக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடிவிடுவார்கள். போதாக்குறைக்கு, பின்னால் லைட் எரியாத டிராக்டர் டிரெய்லரும், சாலையையே அடைத்துக்கொண்டு வரும் அறுவடை இயந்திரமும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு நொடிக்கு 11 மீட்டர் நகர்ந்துவிடும். இருட்டில் தார்ப்பாய்க் குவியலைப் பார்த்து பிரேக்கை மிதிக்க ஒரு நொடி தாமதமானால் என்னவாகும் என்று யோசித்துப் பாருங்கள்.

பழகிய சாலையில் இன்னொரு சிக்கலும் உண்டு. அங்கே பெரியவர்கள் கண்ணை நம்பி ஓட்டுவதைவிட ஞாபகத்தை நம்பி ஓட்டுவதுதான் அதிகம். எந்த வளைவு எங்கே வரும் என்று கைக்கே தெரியும். அதனால் குறை வெளியே தெரியாமல் மறைந்துகொள்கிறது. மதகு வேலைக்காகப் பாதையை மாற்றிவிட்டால், நேற்று இல்லாத வேகத்தடை இன்று முளைத்திருந்தால், அப்போதுதான் தடுமாறுவார். ஆகவே அவர் தினமும் போகும் வழியில் மட்டும் பார்த்துவிட்டு நிம்மதி அடையாதீர்கள். முகூர்த்த நாள் மாலையில் கும்பகோணம் மகாமகக் குளத்தைச் சுற்றி ஓட்டும்போது அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள்.

பார்ப்பதிலும் ஒரு முறை வேண்டும். பக்கத்து சீட்டில் அம்மா உட்கார்ந்து "மாடு வருதுங்க, பஸ்ஸு ஒதுங்குதுங்க" என்று சொல்லிக்கொண்டே வருவார். அப்படி ஓட்டுவது ஒருவர் இல்லை, இரண்டு பேர். அம்மா இல்லாத ஒரு நாள் நீங்கள் பின் சீட்டில் ஏறி, வாயைத் திறக்காமல், போனைப் பார்ப்பதுபோல் இருங்கள். வலப்பக்கம் திரும்பும்போது கழுத்து திரும்புகிறதா, அல்லது கண்ணாடியை மட்டும் பார்த்து ஒப்பேற்றுகிறாரா? பின்னால் வருபவர்கள் ஓயாமல் ஹாரன் அடிக்கிறார்களா? பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலேட்டரில் கால் போகிறதா? பழகிய ஊரிலேயே வழி தவறுகிறாரா? கடைசி இரண்டில் ஏதாவது ஒன்று ஒரே ஒருமுறை நடந்தாலும் வண்டியை நிறுத்திவிட்டு நரம்பியல் மருத்துவரிடம் போக வேண்டும். மற்றவற்றுக்கு ஒருநாள் பார்த்தது போதாது; காலை, உச்சி வெயில், அந்தி என்று வெவ்வேறு வேளைகளில் பாருங்கள்.

மாத்திரைப் பெட்டியை யாரும் இந்தக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. அல்பிரசோலம் போன்ற தூக்க மாத்திரையின் மந்தம் மறுநாள் காலையிலும் இருக்கலாம். சில சளி மாத்திரைகளும் அப்படித்தான். சர்க்கரை நோய்க்கான கிளிமிபிரைடு மாத்திரையைப் போட்டுக்கொண்டு, ஏகாதசி விரதம் என்று சாப்பிடாமல் கோயிலுக்குக் காரை எடுத்தால் சர்க்கரை சட்டென்று இறங்கும். அப்போது வருவது மயக்கம் மட்டுமில்லை, முதலில் புத்தி குழம்பும். சர்க்கரை தாழ்ந்தால் அது சரியான பிறகும் 45 நிமிடம் காத்திருந்துதான் ஓட்ட வேண்டும் என்று பிரிட்டனில் இன்சுலின் போடும் ஓட்டுநர்களுக்கு விதியே உண்டு. நாமும் அதைக் கடைப்பிடிக்கலாம்.

கார் சாவியை ஒளித்துவைப்பது இன்னொரு பெரிய தவறு. மறுநாளே அவர் கொட்டகையில் கிடக்கும் மொபெட்டைத் துடைத்து எடுத்துவிடுவார். காரை விட அதில்தான் ஆபத்து அதிகம். சமநிலை வேண்டும், விழுந்தால் இடுப்பெலும்பு, ஹெல்மெட்டும் பெரும்பாலும் வண்டியில்தான் தொங்கும். அதனால் காரை நிறுத்தும் பேச்சில் மொபெட்டும் சேர்ந்தே வர வேண்டும்.

எடுத்த எடுப்பில் முழுவதுமாக நிறுத்த வேண்டியதும் இல்லை. கண்புரை ஆபரேஷன் முடித்து டாக்டர் சரி என்று சொன்ன பிறகு பழையபடி ஓட்டுபவர்கள் உண்டு. மூட்டுவலிக்கு கிளட்ச் இல்லாத கார் உதவும். இருட்டிய பிறகு வேண்டாம், மழையில் வேண்டாம் என்று முதலில் குறைக்கலாம். மருமகன் முன்னாலோ சம்பந்தி முன்னாலோ இந்தப் பேச்சை எடுக்கவே கூடாது. அப்புறம் எந்த நியாயமும் காதில் ஏறாது. உர மூட்டைக்கும் ஆஸ்பத்திரிக்கும் யார் அழைத்துப்போவார்கள் என்பதற்கு ஒரு பெயரும் போன் நம்பரும் கையில் வைத்துக்கொண்டு பேசத் தொடங்குங்கள்.

நினைவாற்றல் குறைந்தும் பிடிவாதம் குறையாதவர்களிடம் இவை எதுவும் செல்லாது. அதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தில் 16-ஆம் பிரிவு இருக்கிறது. நோயாலோ உடல் குறையாலோ ஒருவர் ஓட்டத் தகுதியற்றவர் என்று கருத நியாயமான காரணம் இருந்தால், ஆர்.டி.ஓ. அலுவலகம் மருத்துவச் சான்று கேட்கலாம், லைசென்ஸையே ரத்தும் செய்யலாம். சிகிச்சை தரும் டாக்டரின் கடிதத்தோடு குடும்பத்தார் அங்கே எழுதிக் கொடுக்கலாம்.